விண்டோஸ் 3.1-இன் பிஃப் எடிட்டர்: டாஸ் புரோகிராம்களுக்கு மெமரி பங்கிடும் கருவி

1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல் மெயின் குரூப்பைத் திறந்தால் பிஃப் எடிட்டர் இருக்கும். ஒரு டாஸ் புரோகிராமை எப்படி ஓட்ட வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் அமைப்புக் கோப்புதான் பிஃப். பலரும் அதைத் தொட்டதே இல்லை. டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கு எழுதிய புரோகிராம்களை விடாமல் ஓட்டும் என் போன்றவர்களுக்கு அந்த விண்டோஸில் இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

என் 486-இல் 8 எம்பி ராம்தான். அதில் லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் புரோகிராமையும் வேர்ட்ஸ்டார் என்ற எழுத்துச் செயலியையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்கிறேன் என்றால் காரணம் இந்தச் சின்ன ஜன்னல்தான். எந்தப் புரோகிராமுக்கு எவ்வளவு மெமரி என்று தனித்தனியாக நாமே சொல்லிவிடலாம்.

கவனிக்க வேண்டிய இடம் "கேபி ரிக்வயர்டு". புதிய பிஃபில் இது 128, பக்கத்தில் "கேபி டிசயர்டு" 640. கூடுதல் மெமரி கிடைக்கும் என்று முதல் கட்டத்தில் 640 போடுகிறவர்கள் உண்டு. போட்டால் புரோகிராம் திறக்கவே திறக்காது. அது "இவ்வளவாவது இருந்தால்தான் தொடங்கு" என்கிற நிபந்தனை மட்டுமே. டாஸும் டிரைவர்களும் எடுத்துக்கொண்டது போக முழு 640 ஒருபோதும் மிஞ்சாது. உச்சவரம்பு இரண்டாவது கட்டம்தான்.

லோட்டஸுக்கு உயிர்நாடி இஎம்எஸ், அதாவது அந்த 640-க்கு மேல் கிடைக்கும் எக்ஸ்பாண்டட் மெமரி. அதன் லிமிட் 1024 என்றே வரும். பெரிய ஒர்க்‌ஷீட் என்றால் 2048 ஆக்குங்கள். பிறகு லோட்டஸில் சாய்கோடு, டபிள்யூ, எஸ் தட்டினால் எக்ஸ்பாண்டட் மெமரி எவ்வளவு மிச்சம் என்று அங்கேயே தெரியும். -1 போட்டால் கேட்டதையெல்லாம் விண்டோஸ் அள்ளிக் கொடுக்கும். அதைச் செய்யாதீர்கள். சில புரோகிராம்கள் தேவை இருக்கிறதோ இல்லையோ மொத்தத்தையும் வளைத்துப் போட்டுக்கொள்ளும். மற்றவை மூச்சுத் திணறும். வேர்ட்ஸ்டாரின் பழைய பதிப்புகளுக்கு இஎம்எஸ், எக்ஸ்எம்எஸ் (எக்ஸ்டெண்டட் மெமரி) இரண்டின் லிமிட்டையும் நான் 0 ஆக்கிவிடுவேன். ஒரு குறையும் வரவில்லை.

எந்தக் கட்டத்தில் நின்று எஃப்1 அழுத்தினாலும் அந்தக் கட்டத்துக்கான விளக்கம் வருகிறது. நன்றாகச் செய்திருக்கிறார்கள்.

குறைகளும் இருக்கின்றன. விண்டோஸ் ஓடும் இரண்டு முறைகளான ஸ்டாண்டர்டு மோடுக்கும் 386 என்ஹான்ஸ்டு மோடுக்கும் அமைப்புகள் வேறு வேறு. மேலே உள்ள மோடு மெனுவைப் பார்க்காமல் மாற்றினால் உழைப்பு வீண். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமில் மாற்றம் பிடிக்காது, மூடித் திறக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, விண்டோஸுக்கு முன்பே ஏற்றிய டிஎஸ்ஆர்கள் (மெமரியிலேயே தங்கிவிடும் சின்ன புரோகிராம்கள்) தின்ற மெமரியை எந்த பிஃபாலும் மீட்க முடியாது. டாஸ் பிடிக்கும் இடத்தையாவது குறைக்க, கணினி தொடங்கும்போது டாஸ் படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பின் பக்கம் போய் ஹைமெம்.சிஸ், டாஸ்=ஹை வரிகளைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். அதன் பிறகு பிஃப் எடிட்டரில் உட்கார்ந்தால் போடுகிற ஒவ்வொரு எண்ணுக்கும் பலன் இருக்கும்.