பெரிய ஆமியா, சின்ன ஆமியா, ஆமியே வேண்டாமா? திருகோணமலையிலிருந்து ஒரு கணக்கு

கோணேசர் கோயிலுக்குப் போவதென்றால் ஆமி முகாமுக்குள்ளால்தான் போகவேண்டும். போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்த கல்லைக்கொண்டு 1624இல் கட்டிய கோட்டை அது, பிறகு ஒல்லாந்தர் இருந்தார்கள், பிறகு வெள்ளைக்காரன், இப்போது நம் இலங்கை இராணுவம். மான்கள் மட்டும் ஆட்சி எதுவானாலும் மேய்ந்துகொண்டிருக்கின்றன. கீழே துறைமுகத்தில் கடற்படைத் தளம், சீனன்குடாவில் விமானப்படை. முப்படையையும் வாசலில் வைத்துக்கொண்டு வாழும் ஊரில் பாதுகாப்புச் செலவு பற்றிக் கதை வந்தால் லேசில் முடியாது. இருப்பதில் கைவைக்காதே என்பவர்கள் ஒரு பக்கம், கொஸ்தரிக்கா மாதிரிக் கலைத்துவிடு என்பவர்கள் இன்னொரு பக்கம், சிங்கப்பூரைப் பார் என்பவர்கள் எப்போதும் எங்கேயும் இருப்பார்கள். சரி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில் இருக்கிற நிலைமை. 2023 தொடக்கத்தில் அரசே சொன்ன கணக்கின்படி தரைப்படையின் அனுமதிக்கப்பட்ட ஆள்பலம் 200,783. சனத்தொகை ஏறத்தாழ 220 இலட்சம், ஆக 110 பேருக்கு ஒரு சிப்பாய். இந்தியத் தரைப்படையில் கிட்டத்தட்ட 12 இலட்சம் பேர், சனமோ 140 கோடி. அங்கே ஆயிரத்துச் சொச்சம் பேருக்குத்தான் ஒருவர். அணுகுண்டு வைத்திருக்கும் இரண்டு அயல்நாடுகளோடு எல்லைத் தகராறு உள்ள நாட்டைவிட, தரை எல்லையே இல்லாத, 2009இல் போர் முடிந்துபோன ஒரு தீவு, சனத்தொகைக்கு ஏற்பப் பார்த்தால் பத்து மடங்கு சிப்பாய்களை வைத்திருந்தது.

இதற்கு வழக்கமான பதில், "மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இரண்டு வீதம்கூட வராதே" என்பது. உண்மைதான், ஆனால் அந்த வீதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால் ஏமாந்துபோவோம். 2021லும் 2022லும் அரசுக்குக் கிடைத்த வரி வருமானம் உற்பத்தியில் எட்டு வீதத்தைக்கூடத் தொடவில்லை. சம்பளக்காரன் ஒருவன் மாதம் பத்தாயிரம் செலவழிப்பதும் கூலிக்காரன் பத்தாயிரம் செலவழிப்பதும் ஒன்றா? கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்த அடுத்த ஆண்டு, 2023 வரவு செலவுத் திட்டத்தில், பாதுகாப்பு அமைச்சுக்கு 410 பில்லியன் ரூபா, சுகாதாரத்துக்கு 322 பில்லியன்.

அந்தப் பணம் எங்கே போகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பெரும்பகுதி கப்பலுக்கோ ராடருக்கோ போவதில்லை. சம்பளம், சாப்பாடு, சீருடை, எரிபொருள். அதாவது இது ஆயுதச் செலவு என்பதைவிட ஒரு வேலைவாய்ப்புத் திட்டம் என்று சொல்வதுதான் பொருத்தம். மழையை நம்பி வயல் செய்யும் தென்னிலங்கைக் கிராமத்து வீட்டில் மாதாமாதம் தவறாமல் வரும் ஒரே பணம் மகனின் ஆமிச் சம்பளமாக இருக்கும். அந்தப் பணம் அந்த ஊர்க் கடையில், அந்த ஊர் மேசனிடம் போய்ச் சேர்கிறது. எனக்கு அதில் கோபமில்லை. ஆனால் 22 வருடச் சேவை முடிந்தால் சிப்பாய்க்கு ஓய்வூதியம், பதினெட்டில் சேர்ந்தவர் நாற்பதில் வெளியே வருவார், அதற்குப் பிறகு முப்பது நாற்பது வருடம் அரசு கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். போரின் கடைசி வருடங்களில், 2006 முதல் 2009 வரை, அள்ளிச் சேர்த்தார்களே, அவர்களுக்கு 22 வருடம் நிறைவது 2028க்கும் 2031க்கும் இடையில். ஆட்கள் தானாகக் குறைவார்கள், செலவு குறையாது, வேறு தலைப்புக்குக் கீழே இடம் மாறும்.

பாதுகாப்பாவது கிடைத்ததா? 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று இந்தியாவிலிருந்து முன்கூட்டியே தகவல் வந்தும் குண்டுகள் வெடித்தன, இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இரண்டு இலட்சம் பேரால் தடுக்க முடியாமல் போனது ஆள் குறைவால் இல்லை. கையில் இருந்த எச்சரிக்கைக் கடிதத்தை வைத்து உரியவர்கள் உரிய நேரத்தில் எதுவும் செய்யவில்லை, அவ்வளவுதான். 2020 செப்டெம்பரில் நியூ டயமண்ட் என்ற கப்பல் ஏறத்தாழ 270,000 தொன் மசகு (கச்சா) எண்ணெயோடு நம் கிழக்குக் கடலில் தீப்பற்றியது. அணைக்க இந்தியக் கரையோரக் காவல்படையின் கப்பல்கள் வரவேண்டியிருந்தது. அந்த எண்ணெய் கடலில் கலந்திருந்தால் இந்தக் கரையின் மீன்பிடியை ஒரு தலைமுறைக்கு மறந்திருக்கலாம். அன்றைக்குத் தேவைப்பட்டது சென்ட்ரியில் நிற்கும் ஆள் இல்லை, தீயணைக்கிற கப்பல்.

கொஸ்தரிக்காவுக்கு வருவோம். 1948இல் 44 நாள் உள்நாட்டுப் போர், அதில் வென்ற ஹொசே ஃபிகெரெஸ் அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் திகதி படையைக் கலைத்தார். தலைநகரில் இருந்த படைமுகாம் தேசிய அருங்காட்சியகமாக மாறியது. அகிம்சையில் ஊறி எடுத்த முடிவு என்று இதைச் சொல்வார்கள். ஆயுதத்தோடு ஆட்சிக்கு வந்தவருக்கு அடுத்தவன் ஆயுதத்தோடு வருவான் என்ற பயம் இருக்காதா, என்று நான் கேட்பேன். எப்படியோ, பலன் கிடைத்தது. பாகிஸ்தானில் 1958, 1977, 1999 என்று படை ஆட்சியைப் பிடித்துக்கொண்டே இருக்க, கொஸ்தரிக்காவில் தேர்தல்கள் தடையில்லாமல் நடக்கின்றன. 2010இல் நிக்கராகுவாவோடு எல்லைத் தகராறு வந்தபோது அவர்கள் ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய் 2015இல் வென்றும் வந்தார்கள்.

ஆனால் இதை ஊரில் சொல்பவர்கள் 1955ஐச் சொல்வதில்லை. அந்த வருடம் எல்லை தாண்டிப் படையெடுப்பு வந்தபோது அமெரிக்கா நாலு மஸ்டாங் போர்விமானங்களை ஒன்று ஒரு டொலர் என்று விற்றது. பின்னால் பெரிய அண்ணன் நின்றார். நமக்கு அந்த அண்ணன் யார்? இந்தியாவா, சீனாவா என்று கேட்ட உடனேயே தேத்தண்ணிக் கடையில் நாலு கட்சி பிரிந்துவிடும். அதோடு அங்கே இப்போது போதைப்பொருள் கடத்தலால் கொலைகள் ஏறி, 2023இல் தொள்ளாயிரத்தைத் தாண்டின. கடலைக் காக்க ஆள் வேண்டும் என்பதை அவர்களும் தெரிந்துகொண்டார்கள். மொத்தத்தில் நல்ல கனவு, நம் முகவரிக்குப் பொருந்தாது.

சிங்கப்பூர்க் கதைதான் எனக்கு உண்மையிலேயே வலிக்கும் கதை, ஏனென்றால் அதன் மறுபாதி நம்முடைய ஊர். இரண்டும் பிரித்தானியக் கடற்படைத் தளங்கள். இங்கே தளத்தை 1957இல் ஒப்படைத்தார்கள், அங்கே 1971இல் போனார்கள். சிங்கப்பூரின் பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பியிருந்தது, அதனால் போகப்போகிறார்கள் என்று தெரிந்ததுமே செம்பவாங் கடற்படைத் தளத்துக் கப்பல்கட்டும் துறையை 1968இலேயே வணிக நிறுவனமாக்கி, உலகத்துக் கப்பல்களையெல்லாம் பழுதுபார்க்க அழைத்துவிட்டார்கள். அவர்கள் துறைமுகத்தைவிட இயற்கையில் சிறந்தது நம்முடையது என்று இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். நாமோ இங்குள்ள கப்பல்கட்டும் துறையை, டொக்யார்டை, கடற்படைக்குள் வைத்துப் பூட்டினோம். சீனன்குடாவில் வெள்ளைக்காரன் விட்டுப்போன 99 எண்ணெய்த் தாங்கிகளில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ பத்தாயிரம் தொன் கொள்ளும், பெரும்பாலானவை காட்டுக்குள் துருப்பிடித்து நின்றன. 2003இல் ஒரு குத்தகை, 2022இல் இன்னொரு உடன்படிக்கை, இடையில் போனவை வருடங்கள்.

(அந்தத் தாங்கிகளே இன்னொரு பாடமும் சொல்லும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான்காரன் இங்கே குண்டு போட்டது தளம் இருந்ததால்தான், ஊரின் மேல் கோபத்தால் இல்லை. அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலையும் மூழ்கடித்தான். தளம் காப்பாற்றுவதும் உண்டு, சண்டையை வீட்டுக்கு அழைத்து வருவதும் உண்டு.)

சிங்கப்பூர் ஆயுதத்தில் கஞ்சத்தனம் பார்க்காத நாடு. உற்பத்தியில் ஏறத்தாழ மூன்று வீதம், நம்மைவிட அதிகப் பங்கு. வித்தியாசம் என்னவென்றால் நிரந்தரப் படை சின்னது, 1967இலிருந்து ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் கட்டாய சேவை, முடித்தபின் அவரவர் வேலைக்குப் போய்விட்டு வருடத்தில் சில நாள் பயிற்சிக்கு வருவார்கள். காசு கருவிக்கும் பயிற்சிக்கும் போகிறது. ஆனால் அந்தக் கட்டாய சேவையை இங்கே கொண்டுவருவேன் என்று யாராவது சொன்னால் நான் முதல் ஆளாக எதிர்ப்பேன். கிட்டத்தட்ட முழுக்கச் சிங்களவர்களால் ஆன, கட்டளையும் சிங்களத்தில் ஓடும் ஒரு படைக்குத் தமிழ் பேசும் மூதூர்ப் பிள்ளையையும் கிண்ணியாப் பிள்ளையையும் பிடித்து அனுப்புவதா? சம்பூரில் 2006இல் இடம்பெயர்ந்த சனம் தங்கள் காணிக்குத் திரும்ப ஒன்பது பத்து வருடம் காத்திருந்தது, அந்தக் காணியில் ஒரு பகுதியில் கடற்படை முகாம் இருந்தது. விளையாத வயலுக்கும் பிடிக்காத மீனுக்கும் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் தலைப்பு கிடையாது, ஆனால் அதுவும் பாதுகாப்புச் செலவுதான்.

ஆகவே என் தெரிவு சிங்கப்பூரின் பாதி. கட்டாய சேவை வேண்டாம், ஆட்களுக்குப் போகும் காசைக் கருவிக்குத் திருப்பும் பழக்கம் வேண்டும். தீவுக்குக் கடல்தான் எல்லை, எனவே தரைப்படையைக் குறைத்துக் கரையோரக் காவலையும் மீட்புக் கப்பல்களையும் வளர்க்கவேண்டும். அரசும் தரைப்படையை 2030க்குள் ஒரு இலட்சமாக்குவோம் என்று 2023இலேயே சொல்லிவிட்டது. சொன்னது சரி, செய்கிற விதத்தில்தான் எனக்குப் பயம். துப்பாக்கி பிடிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாத ஒருவரை நாற்பது வயதில் வாசலுக்கு வெளியே விட்டால் என்ன நடக்கும் என்பதை 2024இலேயே பார்த்தோம்: ரஷ்யாவில் நல்ல வேலை என்று முகவர்கள் ஆசைகாட்ட, நம் முன்னாள் சிப்பாய்கள் உக்ரைன் போர்முனையில் போய் நின்றார்கள், சிலர் திரும்பவேயில்லை. வெல்டிங்கும் கப்பல் இயந்திரமும் மின்வேலையும் படைக்குள் இருக்கும்போதே கற்றுக்கொடுத்து அனுப்பலாம், அதற்கேற்ற கப்பல்கட்டும் துறை ஒன்று இந்த ஊரிலேயே இருக்கிறது.

வரவு செலவுத் திட்டம் வெளிவந்ததும் எல்லோரும் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டுக் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்பார்கள். நான் பாதுகாப்பு அமைச்சின் தலைப்பைத் திறந்து, மீண்டெழும் செலவினத்துக்குப் (சம்பளம், சாப்பாடு போல வருடாவருடம் திரும்ப வருவது) பக்கத்தில் மூலதனச் செலவினம் (கப்பல், கருவி போன்றவை) எவ்வளவு என்று பார்ப்பேன், பிறகு ஓய்வூதியத் தலைப்புக்குப் போவேன்.