வினிகரா, பி.சி.ஆரா, தங்கத் துகள் ஸ்ட்ரிப்பா? கருப்பைவாய் வைரஸுக்கான சோதனைகள்: வடசென்னைக்கு எது பொருந்தும்?

காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் பெண்களுக்கு விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். விற்று முடித்து வீடு திரும்ப மதியம் தாண்டும். "ரிசல்ட் வாங்க அடுத்த வாரம் வாம்மா" என்றால் எத்தனை பேரால் வர முடியும்? கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸுக்கு என்னென்ன சோதனைகள் உண்டு என்று ஒப்பிடும்போது, எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும் என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

அந்த ஒரு விஷயத்தில் வினிகர் பரிசோதனையை அடிக்க ஆளில்லை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பயிற்சி பெற்ற நர்ஸ் பார்ப்பார். முடிவு அப்போதே கையில். நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வில் (2007இல் வெளியானது) இந்த முறை இறப்பை 35 சதவீதம் குறைத்தது. ஆனால் எல்லாமே பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடுவதால் இது சரிவராது.

பாப் ஸ்மியரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கருப்பைவாய் செல்களைச் சுரண்டி எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் முறை இது. ஸ்லைடு படிக்க நிபுணர் வேண்டும், இரண்டாவது வருகையும் வேண்டும். நம் நிலைமைக்கு இது ஒத்துவராது.

டி.என்.ஏ. பரிசோதனை வைரஸையே தேடுகிறது. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,30,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை டி.என்.ஏ. பரிசோதனை செய்த பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழப் பாதியானது. அதே ஆய்வில் பாப் ஸ்மியரும் வினிகரும் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. 2021இல் உலக சுகாதார நிறுவனம் டி.என்.ஏ. பரிசோதனையையே முதல் தேர்வாகச் சொன்னது. 30 வயதிலிருந்து, 5 முதல் 10 ஆண்டுக்கு ஒரு முறை போதும். திரைக்குப் பின்னால் போய்ப் பெண்ணே ஸ்வாப் எடுத்துக் கொடுக்கலாம் என்பது இன்னொரு பெரிய வசதி. கூச்சத்தால் வராதவர்கள்தானே நம்மிடம் அதிகம்!

கண்ணுக்குத் தெரியாத அளவு மிகச் சிறிய நானோ பொருட்கள் இந்தப் போட்டியில் எங்கே வருகின்றன? கர்ப்பப் பரிசோதனை ஸ்ட்ரிப்பில் தெரியும் சிவப்புக் கோடு பெரும்பாலும் சில பத்து நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள்தான். ஹெபடைடிஸ் பி ரேப்பிட் கிட்டிலும் அப்படித்தான். கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமான அந்த வைரஸ் தன் மேலுறைப் புரதத்தை ரத்தத்தில் ஏராளமாக விடுவதால், தங்கத் துகள் ஒட்டிக்கொள்ளச் சரக்குக்குப் பஞ்சமில்லை. எச்.பி.வி. ரத்தத்தில் சுற்றுவதில்லை. கருப்பைவாய் செல்களுக்குள் கிடக்கும் அதன் டி.என்.ஏவை முதலில் பிரித்தெடுத்து, பெருக்கி, அதன் பிறகே ஸ்ட்ரிப்பில் காட்ட வேண்டும். குறிப்பிட்ட டி.என்.ஏ. வரிசையைத் தேடிப் பிடிக்கும் கிரிஸ்பர் நுட்பத்தால், புற்றுநோயை அதிகம் உண்டாக்கும் எச்.பி.வி. 16, 18 வகைகளைப் பிரித்தறியலாம் என்று 2018இல் காட்டினார்கள். அதிலும் பெருக்கும் படி உண்டு.

நானோ சென்சார் கட்டுரைகளில் எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்று இருக்கிறது. எவ்வளவு குறைந்த டி.என்.ஏவைக்கூடக் கண்டுபிடிக்கிறது என்பதையே வெற்றியாகச் சொல்கிறார்கள். எச்.பி.வி. தொற்றுகளில் பெரும்பாலானவை இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே போய்விடும். வைரஸ் டி.என்.ஏவின் நாலைந்து பிரதிகளைக்கூட விடாமல் பிடித்தால், போகப் போகிற தொற்றுக்கெல்லாம் பெண்களைப் பயமுறுத்தி அலைய வைப்போம். உஸ்மானாபாத்தில் பயன்பட்ட ஹைப்ரிட் கேப்சர் 2 பரிசோதனை, ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 1,00,000 பிரதிகள் இருந்தால்தான் பாசிட்டிவ் காட்டும். அந்த வரம்பை வேண்டுமென்றேதான் வைத்தார்கள்.

அதனால் இன்றைக்கு என் ஓட்டு, பெண்ணே எடுக்கும் ஸ்வாபுக்கும், டி.என்.ஏவைப் பெருக்கிக் கண்டறியும் சின்ன பி.சி.ஆர். கருவிக்கும்தான். காசநோய்க்குப் பயன்படும், பேட்டரியில் ஓடும் ட்ரூநாட் கருவியிலேயே இப்போது எச்.பி.வி. சிப்பும் போடலாம். இந்த வழியிலும் நானோவுக்கு இடமுண்டு. மாதிரியிலிருந்து டி.என்.ஏவைப் பிரித்தெடுக்கப் பல கிட்களில் நுண்ணிய காந்தத் துகள்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். தங்கத் துகள் ஸ்ட்ரிப்பை நான் ஒதுக்கவில்லை. மாதிரி எடுத்த அன்றைக்கே, கரண்ட் போனாலும், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முடிவு தந்து, தேவைப்பட்டால் அப்போதே புண்ணைச் சுட்டு அழிக்கும் வெப்ப சிகிச்சையும் செய்ய முடிந்தால் அதுதான் ஜெயிக்கும். ஆனால் அதற்கு முன், புற்றுநோயாக மாறக்கூடிய புண்களைப் பிடிப்பதில் அது பி.சி.ஆருக்குச் சமம் என்று ஆயிரக்கணக்கான பெண்களிடம் நிரூபித்தாக வேண்டும். கடற்கரைப் புழுக்கத்திலும் அந்த ஸ்ட்ரிப் கெடாமல் இருக்க வேண்டும்.

தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ உங்கள் அக்கா, அண்ணி யாருக்காவது 30 வயது தாண்டியிருந்தால், ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரியிலோ ஸ்டான்லியிலோ டி.என்.ஏ. பரிசோதனை இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். வினிகர் பரிசோதனை மட்டும்தான் இருக்கிறது என்றால் தயங்காமல் அதையே செய்துகொள்ளட்டும். உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ, மாதவிடாய் நின்ற பிறகு மறுபடி ரத்தம் பட்டாலோ, எந்த ஸ்கிரீனிங்குக்கும் காத்திராமல் நேராக மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.