செமாக்ளூடைட் ஊசியும் ஸ்குவாட்டும்: ஏப்பத்தைப் பற்றி யாருமே சொல்லவில்லை

திருநெல்வேலியிலிருந்து சித்தி மகள் போன் பண்ணினாள். "அக்கா, ஊசி விலை இறங்கிருச்சு, டாக்டரும் ஆரம்பிக்கலாம்னு சொல்லிட்டார். ஊசி போட்டாலே எடை குறையுதுல்ல, நீ ஏன் இன்னும் ஜிம்முல போய் இரும்பு தூக்கிட்டுக் கிடக்க?" என்றாள். போனில் பத்து நிமிஷம் கத்தியும் ஒழுங்காகச் சொல்லி முடிக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், அவளுக்கும் சேர்த்து.

ஊசி என்ன செய்யும், எப்படிப் போடுவது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வாரம் ஒருமுறை போட்டால் பசியை அடக்கி எடையைக் குறைக்கும் மருந்துதான் செமாக்ளூடைட். 2025 ஜூனில் அந்த மருந்து வெகோவி என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தது, நவம்பரில் விலையை 37 சதவீதம் வரை குறைத்தார்கள், 2026 மார்ச்சில் செமாக்ளூடைட்டின் காப்புரிமையும் முடிந்தது. இப்போது எங்கள் குடியிருப்பில் நடைப்பயிற்சிக்கு வரும் பெண்கள் கறிவேப்பிலை விலைக்கு அடுத்தபடி இதைத்தான் பேசுகிறார்கள். நான் 0.25 மில்லிகிராமில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏறி, டாக்டரிடம் பேசி 1.7-இல் நிறுத்தி வைத்திருக்கிறேன். வயது 46. எடை 84-இல் இருந்து 71-க்கு வந்திருக்கிறது. எடை விஷயம் இவ்வளவுதான்.

இரும்பு எதற்கு என்ற கேள்விக்கு ஒரே பதில், குறைகிற எடை முழுவதும் கொழுப்பு இல்லை. ஸ்டெப் 1 என்ற பெரிய ஆய்வில், 68 வாரத்தில் செமாக்ளூடைட் போட்டவர்களுக்குச் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. அதில் ஒரு சிறு பகுதியினருக்கு, கொழுப்பையும் மற்றதையும் பிரித்துக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, போன எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் கொழுப்பு அல்லாத எடை. நியாயமாகச் சொல்லிவிடுகிறேன், கொழுப்பு அல்லாதது என்றால் எல்லாமே தசை என்று அர்த்தமில்லை, தண்ணீரும் மற்ற உறுப்புகளும் அந்தக் கணக்கில் வரும், பட்டினி கிடந்து எடை குறைத்தாலும் கொஞ்சம் தசை போகத்தான் செய்யும். ஆனால் மாதவிடாய் நிற்கப் போகிற வயதில், எலும்பும் தசையும் தானாகவே கழன்றுகொண்டிருக்கும்போது, நானே காசு கொடுத்து அதை வேகப்படுத்துவானேன்? போதாததற்கு, ஊசியை நிறுத்தினால் எடை திரும்பி வரும். அதே ஆய்வில் நிறுத்தியவர்களுக்கு ஒரு வருஷத்தில் போனதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. போகும்போது தசையையும் கூட்டிக்கொண்டு போன எடை, வரும்போது தசையோடு வரும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை.

சரி, இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். நிஜமான வயிற்றெரிச்சல்.

இந்த மருந்து இரைப்பை காலியாவதை மெதுவாக்குகிறது. பசி அடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். எல்லா இடத்திலும் இதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். தோளில் கம்பியைச் சுமந்துகொண்டு உட்கார்ந்து எழுவதுதான் ஸ்குவாட். அந்த ஒரு வரிக்கு ஸ்குவாட் ராக்கில் என்ன அர்த்தம் என்று யாராவது சொன்னார்களா? ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்ட இரண்டு தோசை காலை ஆறு மணிக்கும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட பயணி மாதிரி அங்கேயே உட்கார்ந்திருக்கும். பெல்ட்டை இறுக்கி, மூச்சைப் பிடித்து, வயிற்றை இறுக்கிக் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் ஏப்பம். சாதாரண ஏப்பம் இல்லை, அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற ஏப்பம். ஏப்பம் வந்தால் பிடித்த மூச்சு போகும், மூச்சு போனால் இடுப்பு தளரும், தோளில் 40 கிலோ இருக்கும்போது இடுப்பு தளர்வது தமாஷ் இல்லை. காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் இதைவிட மோசம், முட்டி வந்து வயிற்றை அமுக்கும். பக்கத்து மெஷினில் இருக்கும் பெண் நாகரிகமாகத் தள்ளிப் போவாள்.

பழகிவிடும் என்றார்கள். குமட்டல் பழகித்தான் போனது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஏப்பம் போகவில்லை. டோஸ் ஏற்றும்போதெல்லாம் புதிதாகத் திரும்பி வந்தது, ஏற்றுவதை நிறுத்திய பிறகும் வாரத்தில் இரண்டு நாள் வந்து எட்டிப் பார்க்கிறது. எந்த இரண்டு நாள் என்பதைக் கண்டுபிடித்ததுதான் எனக்கு உருப்படியாகக் கிடைத்த ஒன்று. ஊசி போட்ட பிறகு மருந்து ரத்தத்தில் உச்சத்துக்குப் போக ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். நான் போடுவது வெள்ளி ராத்திரி. அதனால் சனி, ஞாயிறு கால் பயிற்சி பக்கமே போக மாட்டேன், ஞாயிறு ஏதாவது லாட் புல்டவுன் (மேலிருந்து கம்பியைக் கீழே இழுப்பது), உட்கார்ந்தபடி தோள் பயிற்சி, அவ்வளவுதான். செவ்வாய் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), வியாழன் ஸ்குவாட். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முன்னால் தள்ளி, எண்ணெயைக் குறைத்ததும் பாதி நாற்றம் குறைந்தது. மீதிப் பாதி இருக்கிறது.

இதில் இன்னொரு கொடுமை, தசை நிற்க வேண்டுமானால் புரதம் சாப்பிட வேண்டும். எனக்குச் சொன்ன அளவு நாளுக்கு 90 கிராம். பசி இருக்கும்போதே நம் வீட்டுச் சாப்பாட்டில் அது வராது. ஒரு இட்லியில் 2 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14 கிராம் மாதிரி வரும், 100 கிராம் பனீரில் 18. கூட்டிப் பாருங்கள். இதைப் பசியே இல்லாத வயிற்றில், மெதுவாகக் காலியாகும் வயிற்றில், இறக்க வேண்டும், அந்தப் புரதமோ எல்லாவற்றையும்விட அதிகமாக வயிறு நிரம்பின உணர்வைக் கொடுக்கிற சாமான். ஜிம்மில் செட் முடிப்பது எனக்குச் சுலபம், வீட்டில் நாலாவது முட்டை வெள்ளைக்கருவை முடிப்பதுதான் கஷ்டம். பசிக்காகச் சாப்பிடுவது போய், கடிகாரம் பார்த்துச் சாப்பிடுகிறேன். வே என்ற பால் புரதப் பவுடரைத் தண்ணீரில் கலக்கினால் அந்த இனிப்பு வாடைக்கே குமட்டியது, வாசனை சேர்க்காத பவுடரை வாங்கி உப்பும் இஞ்சியும் போட்டு மோரில் கலக்குகிறேன், பிழைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் அதை ஒருநாள் தெரியாமல் குடித்துவிட்டு மோர் கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிட்டார். அந்த டப்பா விலை அவருக்குத் தெரியாது.

ஜிம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும், பெயர் வேண்டாம். எடை குறைக்க வந்திருக்கும் பெண் என்றால் ட்ரெட்மில், அப்புறம் இரண்டு கிலோ ரோஸ் கலர் டம்பெல், இதுதான் அங்கே சட்டம். ஊசி போடுகிறேன், எனக்குக் கார்டியோ அல்ல, பார்பெல் வேண்டும் என்று ட்ரெய்னர் தம்பிக்குப் புரிய வைக்கவே கொஞ்ச காலம் ஆனது. இப்போது அவர்தான் என் ஸ்குவாட்டுக்குப் பின்னால் நின்று பிடிக்கிறார், பாவம், மூக்கையும் பிடித்துக்கொண்டு.

ஆனால் அந்த மெஷினை மன்னிக்க மாட்டேன். காலடியில் மின்சாரம் ஓடவிட்டுக் கொழுப்பு இவ்வளவு, தசை இவ்வளவு என்று சீட்டு அடித்துத் தரும் மெஷின். உடம்பில் இருக்கும் தண்ணீரை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. இந்த ஊசியில் தாகமும் குறைகிறது, தண்ணீர் குடிக்க மறந்துபோகிறது, அன்றைக்கு ஏறி நின்றால் ஒன்றரைக் கிலோ தசை காணோம் என்று சீட்டு வரும். ஒரு வாரம் தூக்கம் கெட்டது அதனால். அதே வாரம் டெட்லிஃப்டில் ரெப் (ஒரே மூச்சில் எத்தனை தடவை தூக்குகிறேன் என்ற கணக்கு) கூடியிருந்தது. காணாமல் போன தசை எதைத் தூக்கியதாம்? அதற்குப் பிறகு சீட்டு எடுப்பதில்லை, நோட்டில் எழுதும் கிலோவை மட்டும்தான் நம்புகிறேன்.

அந்த நோட்டு சொல்வது இது. வெறும் ராடு, 20 கிலோ, அதில் ஆரம்பித்தேன். இப்போது டெட்லிஃப்ட் 60 கிலோ, ஐந்து ரெப். உடம்பு 13 கிலோ குறைந்திருக்கும்போது இது ஏறியிருக்கிறது. மாடிப்படியில் முட்டி சத்தம் நின்றுவிட்டது. கடைக்காரர் ஆட்டோவில் இறக்கிவிட்டுப் போகும் 26 கிலோ அரிசி மூட்டையை (25 கிலோவைத் தாண்டினால் ஜிஎஸ்டி கிடையாது என்பதால் பிறந்த அந்த ஒரு கிலோ) நானே தூக்கி அடுக்களையில் வைக்கிறேன். அதற்காக மட்டுமே ஊசியையும் இரும்பையும் கையெடுத்துக் கும்பிடலாம். ஊசி இல்லாமல் என்னால் எடையைக் குறைக்க முடிந்ததே இல்லை, இரும்பு இல்லாமல் ஊசியை மட்டும் போட்டு முகம் வற்றிக் கை தொங்கிப் போனவர்களையும் பார்க்கிறேன்.

ஒரு எச்சரிக்கை, இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பிபி மாத்திரையும் சாப்பிடுகிறேன். எடை குறையக் குறைய பிபியும் இறங்கியது, டெட்லிஃப்ட் முடித்து நிமிரும்போது கண் இருட்டியது. டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார், சரியாகிவிட்டது. சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு போய்த் தூக்குவதற்கு முன்னால் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும். மேல் வயிற்றில் விடாத வலி வந்தால் அது ஏப்பம், வாயு என்று சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்கக் கூடாது, பித்தப்பைக் கல்லாகவோ கணைய அழற்சியாகவோ இருக்கலாம், உடனே போக வேண்டும்.

சித்தி மகளுக்குச் சொல்வது, ஊசி போடும் முன்பே ஜிம்மில் சேர்ந்துவிடு. பசி இருக்கும்போது ஸ்குவாட் கற்றுக்கொள்வது எளிது, குமட்டலோடு புது வித்தை படிப்பது நரகம். ஊசி போடலாமா என்று என்னைக் கேட்டால், இவ்வளவு புகழ்ந்த பிறகும் வாயில் வருவது "வேண்டாம்டீ" தான். ஐந்துக்கு இரண்டு மார்க். இன்று சனிக்கிழமை, காலையில் சாப்பிட்ட ஒரு முட்டை இன்னும் தொண்டைக்குழியிலேயே நிற்கிறது. வியாழக்கிழமை ஸ்குவாட் முடித்த பிறகு கேட்டிருந்தால் நாலரை போட்டிருப்பேன்.