கம்பிச்சடக்கா, தார்ச்சடக்கா? தெலுக் இந்தானின் செம்பனைக் கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் இந்தானுக்குக் கம்பிச்சடக்கு, அதாவது ரயில்பாதை, போட்டு மறுபடியும் ரயில் விடலாமா, அந்தப் பணத்தைச் சடக்குக்கு, அதாவது சாலைக்கு, போடலாமா என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் பயண நேரத்தைத்தான் பார்க்கிறார்கள். செம்பனைக் குலையை (எண்ணெய்ப் பனையின் பழக்குலையை) வைத்துப் பார்த்தால் கணக்கு வேறாக வருகிறது.

1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போட்ட மலாயாவின் முதல் ரயில்பாதை வெள்ளீயத்துக்காக வந்தது. ஈயம் முன்பே இருந்தது, தண்டவாளம் பின்னால் வந்தது. கித்தா (ரப்பர்) விஷயத்தில் இது தலைகீழ். 1893-இல் தாப்பா ரோடு - தெலுக் ஆன்சன் (அப்போது நம்மூருக்கு அதுதான் பெயர்) பாதை, 1903-இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை தொடர் பாதை என்று எல்லாம் தயாராக இருந்தபோது ரப்பர் விலை ஏறியது. ரயிலையும் சடக்கையும் ஒட்டியே காட்டை அழித்துத் தோட்டம் போட்டார்கள். நம் பாட்டன்மார் வந்து இறங்கியதும் அங்கேதான்.

கித்தாவுக்கு ரயில் ஒத்துப்போனதற்குக் காரணம் உண்டு. பாலை உறையவைத்து, ஷீட் அடித்து, புகைக்கூடத்தில் காயவைத்துவிட்டால் சரக்கு நாள்கணக்கில் காத்திருக்கும். செம்பனை காத்திருக்காது. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போய் ஆவியில் வேகவேண்டும். தாமதமானாலும் அடிபட்டு நசுங்கினாலும் எண்ணெயின் தரத்தைக் கெடுக்கும் தனிக் கொழுப்பமிலம் ஏறும். 5 விழுக்காட்டைத் தாண்டினால் விலை இறங்கும். அதோடு, 5 டன் குலை போட்டால் கிடைப்பது ஏறக்குறைய 1 டன் எண்ணெய்தான். பாரமும் அவசரமும் மில்லுக்கு முன்னால் இருக்கின்றன. மில்லைத் தாண்டினால் இரண்டுமே குறைந்துவிடும்.

பந்திங்கிலிருந்து தைப்பிங் வரை 233 கிலோமீட்டருக்குத் திட்டமிட்ட மேற்குக் கரை நெடுஞ்சாலை இந்தப் பின்பாதிக்குத்தான் பெரிதாக உதவும். எண்ணெய் டேங்கர் சீக்கிரம் போகும், நல்லதுதான். குலை சிக்குவது அங்கே இல்லை.

மழைக்காலத்தில் ஒரு தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். நம் பக்கம் கடலோரக் களிமண். குலைகள் சடக்கோர மேடையில் குவிந்து கிடக்கும். டிராக்டர் அச்சுவரை புதைந்தால் அன்றைக்கு அந்த பிளாக் அவ்வளவுதான். மறுநாள் உதிரிப்பழம் பாதி சேற்றில் கிடக்கும். எஞ்சியதும் மேடையிலிருந்து டிரெய்லர், டிரெய்லரிலிருந்து லோரி, லோரியிலிருந்து மில் தரை என்று ஒவ்வொரு மாற்றத்திலும் விழுந்து அடிபடும்.

இதற்கு ஒரு மாற்று நம் வாசலிலேயே இருக்கிறது. டேனிஷ் பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906-இல் தொடங்கிய ஜெண்டராத்தா தோட்டத்தில் குறுகிய தண்டவாளத்தில் சிறு ரயில் ஓடுகிறது. குலை ஏற்றிய கூண்டு அப்படியே வேகவைக்கும் கொப்பரைக்குள் போகிறது. வழியில் கொட்டி அள்ளும் வேலை மிச்சம், இளகிய மண்ணையும் சக்கரம் கிழிக்காது. சரக்கை மட்டும் பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இதற்குச் சமதரை வேண்டும், பெரிய பரப்பு வேண்டும், தண்டவாளத்தைப் பராமரிக்கக் கையில் பணமும் வேண்டும். ஊத்தான் மெலிந்தாங்கில் மூன்று ஏக்கர் வைத்திருப்பவரால் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. லயத்துப் (தோட்டக் குடியிருப்புப்) பிள்ளைகளின் பள்ளி பஸ்ஸும் ஆம்புலன்ஸும் கூண்டு ரயிலில் வரவும் முடியாது.

தாப்பா ரோடு கிளைப்பாதையை நான் கடைசியில்தான் வைப்பேன். பயணிகளுக்கு அது நன்மை, மறுக்கவில்லை. ஆனால் குலைக்கு அதனால் ஒரு மணி நேரம்கூட மிச்சமாகாது. அந்த ஸ்டேஷனுக்கு நேரம் தவறாத பஸ் விடுவது அதைவிடச் சுலபம்.

பொதுப்பணம் முதலில் போகவேண்டியது சிறுதோட்டக்காரரின் நிலத்திலிருந்து மில் வரையுள்ள அந்தச் சில மைல்களுக்கு. சடக்கை மேடாக்கி, வாய்க்கால் குறுக்கிடும் இடங்களில் லோரி பாரம் தாங்கும் பாலம் போட்டால் போதும். பெரிய கம்பெனிகள் தங்கள் கம்பிச்சடக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளும். இந்தப் பாலங்களை அரசாங்கம் போட்டால்தான் உண்டு.