ஒரு நாள் கலந்துரையாடலா, நிலையான ஆலோசனைக் குழுவா?

ஆட்டிசம் உள்ள பெரியவர்களை மனநல ஆய்வில் சேர்க்க, ஒரு நாள் கலந்துரையாடல் மலிவான வழி: எட்டுப் பேர், ஓர் அறை, இரண்டு மணி நேரம். வினாத்தாள் முடிவான பிறகு நடத்தினால் மாற்ற ஒன்றும் மிஞ்சாது. வேகமாகப் பேசுபவர் குரலே பதிவாகும்.

ஆட்டிசம் உள்ளவர்கள் ஆய்வின் தொடக்கம் முதலே இடம்பெறும் ஆலோசனைக் குழுவுக்குச் செலவு கூடும். ஆனால் மனச்சோர்வை அளக்கும் பிஹெச்கியூ-9 போன்ற கேள்விப் படிவத்தின் கோளாறு முன்கூட்டியே பிடிபடும். அதன் 8ஆம் கேள்வி, வழக்கத்தைவிட நிலைகொள்ளாமல் நடமாடியதைப் பற்றியும் கேட்கிறது. எப்போதும் கையசைத்து மனத்தை ஆற்றிக்கொள்பவர் 'கிட்டத்தட்ட தினமும்' என்று குறித்தால் மனச்சோர்வு மதிப்பெண் வீணாக ஏறும். தமிழாக்கத்திலும் இதே வில்லங்கம்தான்.

கேள்விகளை ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். எழுத்திலும் பதில் வாங்குங்கள். மாலை ஆறு மணி எம்ஆர்டி ரயில் நெரிசலில் வரவழைக்காதீர்கள். பரிசுப் பற்றுச்சீட்டோடு முடிக்காமல் மணிக்கணக்கில் ஊதியம் கொடுங்கள்.

தமிழ் ஒப்புதல் படிவம் புரிகிறதா என்று மட்டும் பார்க்க, ஒரு நாளே போதும்.