பின் கிராஸ் மெம்பர் மாற்றக் கொடுத்தால் பழசைக் கேட்டு வாங்குங்கள்

ரெனோ டஸ்டர் காரில் ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் இழுக்கும்) மாடல் வைத்திருப்பவர்கள், அதிலும் முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி என்று கடல் பக்கம் குடியிருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கிராஸ் மெம்பர் என்ற பின்பக்க அடிச்சட்டத்தை மாற்ற 64,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த வண்டியில் இரண்டு மாதம் அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி வரை போய் வந்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

என் வண்டி 2015 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. குலசேகரத்துக்கு மேலே அம்மா வழியில் வந்த ரப்பர் தோட்டம் இருக்கிறது. மழைக்காலத்தில் அந்தச் சேற்று ஏற்றத்துக்கு இந்த வண்டிதான் சரி. ஆனால் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். ராத்திரி பகல் உப்புக் காற்று. பல தடவை கடற்கரை மணலிலும் இறக்கியிருக்கிறேன்.

பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் ‘கடக்’ என்று சத்தம் வர ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப்பில் லிஃப்டில் தூக்கி, கிராஸ் மெம்பர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருப்பதைக் காட்டினார்கள். அது உண்மைதான், நானே பார்த்தேன். சாதாரண டஸ்டரில் இந்தப் பாகமே கிடையாது. அதில் பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே பீம்தான். ஆல் வீல் டிரைவில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனி ஆர்ம்களில் (இரும்புக் கைகளில்) நிற்கும். அந்த ஆர்ம்களையும் நடுவில் இருந்து இரண்டு பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலையும் சேர்த்துத் தாங்குவது இந்த கிராஸ் மெம்பர். தகட்டை அழுத்தி வெல்டு வைத்த, உள்ளே பொள்ளலான பெட்டி. உப்பு மணல் உள்ளே போய்த் தங்கினால் வெளியே தெரியாமலே அரித்துவிடும்.

“மாத்திரலாம் அண்ணாச்சி, ரெண்டு நாள்ல வண்டிய எடுத்துக்கலாம்” என்றார்கள். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இந்தப் பழைய தலைமுறை டஸ்டரின் உற்பத்தி இந்தியாவில் 2022-லேயே நின்றுவிட்டது. அதிலும் ஆல் வீல் டிரைவ் ஓடுவது கொஞ்சம்தான். இந்தப் பாகத்தை யார் கடையில் அடுக்கி வைத்திருப்பார்கள்?

இரண்டே நாளில் வண்டி வந்தது. அடியில் கறுப்பு கோட்டிங் பளபளவென்று இருந்தது. பில்லில் கிராஸ் மெம்பர் 41,000, லேபர் 18,000, புஷ் (ஆர்ம் மூட்டில் இருக்கும் ரப்பர்), போல்ட், வீல் அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 5,000. பார்ட் நம்பர் இல்லை, ஜிஎஸ்டி நம்பரும் இல்லை. ஜிபேயில் அனுப்பிவிட்டு வந்தேன்.

சத்தம் நின்றது. ஆனால் எண்பதைத் தாண்டினால் வண்டியின் பின்பக்கம் லேசாக அலைந்தது. போன் பண்ணிக் கேட்டால், “திருநெல்வேலி ரோட்டுலயா? ஆரல்வாய்மொழிக் காத்துக்கு எந்த வண்டி ஆடாது?” என்றார் ஓனர். பக்கத்து முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்கிறதே என்று நானும் நம்பினேன். பிறகு காற்றே இல்லாத ஒரு காலையில் மார்த்தாண்டம் பாலத்திலும் அதே ஆட்டம்.

தக்கலையில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். முதலில் பின் டயர்களைக் கையால் தடவிப் பார்த்தார். உள்பக்கம் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. அப்புறம் லிஃப்டில் தூக்கி, ஸ்க்ரூடிரைவர் பிடியால் கிராஸ் மெம்பரைத் தட்டிக்கொண்டே போனார். ‘டங் டங்’ என்ற சத்தம் ஓர் இடத்தில் ‘பொத்’தென்று ஆனது. முனையை வைத்து அழுத்தினார், உள்ளே இறங்கிவிட்டது. கறுப்பு கோட்டிங் தோலாக உரிந்து வந்தது. அடியில் ஒட்டுப்போட்ட தகடும் கோணல்மாணலான வெல்டும். ஒரு சிரட்டையைக் கீழே பிடிக்கச் சொன்னார். துருச் செதிலும் மணலும் கொட்டி அரைச் சிரட்டை நிறைந்தது. மணல் கறுப்பும் சிவப்புமாக இருந்தது. எங்கள் மணவாளக்குறிச்சிக் கரை மணல். வேலை முடிந்து வந்த பிறகு வண்டி கடற்கரையில் இறங்கவே இல்லை.

“இது புதுசுன்னா சொன்னாங்க மக்கா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அரித்த தகட்டில் வெல்டு நிற்காது, பக்கத்துத் தகடும் மெலிந்துதானே இருக்கும் என்றார். வெல்டு சூட்டில் புஷ் ரப்பர் வெந்து வெடித்திருந்தது. ஆர்ம் இருக்கும் இடம் பிசகியதால்தான் டயர் அப்படித் தேய்ந்திருக்கிறது. பிரேக்கின் ஏபிஎஸ் ஒயரைக்கூடக் கிளிப்பில் மாட்டாமல் தொங்கவிட்டிருந்தார்கள்.

நேரில் போய்க் கேட்டதற்கு, “புதுசுன்னு பில்லுல எங்க இருக்கு?” என்றார் ஓனர். அவ்வளவுதான்.

தக்கலையில் ஆர்டர் போட்டுப் பாகம் வர ஐந்து வாரம் ஆனது. பெட்டியைப் பிரிக்கும்போதே என்னைக் கூப்பிட்டார். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நின்றேன். முந்தின நாளே போல்ட்டுகளுக்கு எண்ணெய் அடித்து ஊறவிட்டார், துருவோடு முறுக்கினால் பாடிக்குள் ஒடிந்துவிடுமாம். இன்ஜின் சக்தியைப் பின்னால் கொண்டுவரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் பெயின்ட் குறி வைத்தார். அதே நிலையில் மாட்டாவிட்டால் அதிர்வு வரலாம். டிஃபரென்ஷியலுக்கு ஜாக்கி கொடுத்துத்தான் கிராஸ் மெம்பரை இறக்கினார். ஆர்ம் போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்கியது, வண்டியின் பாரம் சக்கரத்தில் நின்ற பிறகு. அந்தரத்தில் முறுக்கினால் கீழே இறக்கியதும் புஷ் ரப்பர் முறுகிச் சீக்கிரம் கிழியும். முடித்ததும் நான்கு சக்கர அலைன்மென்ட் ரிப்போர்ட்டைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தார். இதெல்லாம் இரண்டு நாளில் முடிகிற வேலைதான், பாகம் கையில் இருந்தால்.

அதனால் இந்த வேலைக்கு வண்டியை விடுகிறவர்கள் புதுப் பாகத்தைப் பொருத்தும் முன் கண்ணால் பாருங்கள், போட்டோ எடுங்கள். பில்லில் பார்ட் நம்பரும் ‘புதியது’ என்ற வார்த்தையும் இருக்கட்டும். பழைய கிராஸ் மெம்பரைக் கையோடு வாங்கி வாருங்கள், அது நம் சொத்து. கோட்டிங் ஒட்டை மறைத்துவிடும், அதை ஒரு வாரம் கழித்து அடித்துக்கொள்ளலாம்.

நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். விஷயம் அங்கே இருப்பதால் கடைப் பெயரை எழுதவில்லை. வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தாலும் வழி சொல்கிறார்கள். ஒட்டுப்போட்ட கிராஸ் மெம்பர் சாக்கில் கட்டி வீட்டில் இருக்கிறது. அந்தத் துருவையும் மணலையும் ஒரு குப்பியில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். இதேபோல யாருக்காவது நடந்திருந்தால் பில்லைத் தூரப் போட்டுவிடாமல் எனக்குத் தகவல் சொல்லுங்கள், சேர்ந்து போவோம்.