ஒரே ஒரு வாயில்: அடுக்குமாடி வளாகம் ஒன்றில் மூன்றாண்டு வாழ்ந்தபின் எழுதும் மதிப்பீடு

உடற்பயிற்சிக் கூடம், நீச்சல் குளம், யோகா அறை என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த விளம்பர மடலைப் பார்த்துத்தான் இந்த வளாகத்தில் வீடு வாங்கினோம். குடிவந்து மூன்றாண்டுகள் முடிந்துவிட்டன. மடலில் சொன்ன அனைத்தும் சொன்னபடியே கட்டப்பட்டிருக்கின்றன, பராமரிப்பிலும் குறையில்லை. ஆனால் இந்த மூன்றாண்டுகளில் எங்கள் குடும்பத்தாரின் உடம்பையும் மனத்தையும் தேற்றியவை எவை, வாட்டியவை எவை என்று எண்ணிப் பார்த்தால், அவற்றில் ஒன்றுகூட அந்த மடலில் இல்லை. மதில் எங்கே எழுப்பப்பட்டது, வாயில் எந்தப் பக்கம் வைக்கப்பட்டது, நடைமேடை எவ்வளவு உயரம், படுக்கையறைச் சன்னல் எதைப் பார்த்திருக்கிறது என்பவையே அவை. கட்டிய நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதே அமைப்பில் வளாகங்கள் எல்லா நகரங்களிலும் எழுந்துகொண்டிருப்பதால், வீடு தேடுபவருக்குப் பெயரைவிட விவரமே உதவும்.

நிறைவானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாயிலைக் கடந்ததும் வண்டிகள் அனைத்தும் நிலத்தடி நிறுத்துமிடத்துக்கு இறங்கிவிடுவதால், கட்டடங்களுக்கு நடுவே உள்ள தெரு முழுக்க நடப்பவர்களுக்கே உரியது. மாலையில் அங்கே போய் நின்றால் ஏதாவதொரு பிள்ளை சைக்கிள் பழகிக்கொண்டிருக்கும். பின்னிருக்கையைப் பிடித்தபடி ஓடுபவர் பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பல நாட்களில் எதிர்வீட்டுக்காரராக இருப்பார். முன்பு பரபரப்பான ஒரு சாலையோரம் ஏழாண்டுகள் குடியிருந்தோம்; அங்கே மொத்தமாக அறிமுகமானவர்களைவிட இங்கே முதல் ஆறு மாதத்தில் அறிமுகமானவர்கள் அதிகம். சான் பிரான்சிஸ்கோ நகரில் 1969ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வில், டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்பாளர் போக்குவரத்தில் மட்டும் பெரிதும் வேறுபட்ட மூன்று தெருக்களை ஒப்பிட்டார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 வண்டிகள் போகும் தெருவில் குடியிருப்பவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். 16,000 வண்டிகள் போகும் தெருவில் அந்தச் சராசரி ஒன்றைக்கூட எட்டவில்லை. வண்டி பெருகப் பெருக மக்கள் வாசல் பக்கத்தைக் கைவிட்டு வீட்டின் பின்புறத்தில் ஒடுங்கிக்கொண்டார்கள். எங்கள் உள்தெருவுக்கு நான் முழு மதிப்பெண் தருவது இதனால்தான்.

குறை தொடங்குவது மதிலில். வளாகம் ஏறத்தாழ 400 மீட்டர் நீளமும் அதே அளவு அகலமும் கொண்டது. சுற்றிலும் மூன்று மீட்டர் உயர மதில், அதற்கு ஒரே ஒரு வாயில், அதுவும் வண்டிகள் எளிதாகத் திரும்ப வேண்டும் என்பதற்காக நெடுஞ்சாலைப் பக்கம். எங்கள் கட்டடம் இருப்பது எதிர்க்கோடியில். மதிலுக்கு அப்பால் பூங்காவும் மருந்துக்கடையும் நூலகமும் இருக்கின்றன. சமையலறைச் சன்னலில் நின்றால் பூங்காவின் ஊஞ்சல் ஆடுவது தெரியும். நேராகப் போக முடிந்தால் 200 மீட்டர். வாயில் வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் 1.4 கிலோமீட்டர். மூன்று நிமிடத்தில் நடந்துவிடக்கூடிய இடத்துக்கு நாங்கள் வண்டியை எடுத்தோம், அல்லது போகாமலே இருந்தோம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அன்றாட வேலைகளுக்கு நடந்தே போய்வருபவருக்கு அதில் கணிசமான பகுதி தானாகவே சேர்ந்துவிடும். எங்களுக்கோ ஒவ்வொரு நிமிடத்தையும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்ச் சேர்க்க வேண்டியதாயிற்று.

பார்சிலோனாவின் சூப்பர்பிளாக் அமைப்பைப் படித்தபோது எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. அங்கும் ஒரு தொகுதி ஏறத்தாழ 400 மீட்டருக்கு 400 மீட்டர்தான்: ஒன்பது கட்டடத் தொகுதிகளை ஒன்றாகச் சேர்த்து, கடந்துபோகும் வண்டிகளை வெளிச்சுற்றுச் சாலைகளுக்குத் திருப்பிவிட்டு, உள்தெருக்களை மக்களுக்கு விடுகிறார்கள். திட்டமிடப்பட்ட 503 சூப்பர்பிளாக்குகளும் அமைந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 667 அகால மரணங்களைத் தவிர்க்கலாம் என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது; அதில் மற்றவற்றைவிடப் பெரிய பங்கு, வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு காற்றில் குறைவதால் கிடைப்பது. அளவும் ஒன்று, வண்டிகளை உள்ளே விடாத கொள்கையும் ஒன்று. ஆனால் அங்கே மதில் கிடையாது. நடந்துபோகிறவர் எந்தப் பக்கமும் நுழையலாம், எந்தப் பக்கமும் வெளியேறலாம்.

இதன் விலையை அதிகம் கொடுத்தவர் என் அம்மா. எழுபத்தொரு வயது. பழைய வீட்டில் இருந்தவரை தினமும் நடந்து பழகியவர், இந்த எதிர்க்கோடிக் கட்டடத்துக்கு வந்த இரண்டாம் மாதமே வெளியே போவதை நிறுத்திக்கொண்டார். முழங்கால் வலி என்றார். ஒருநாள் அவருடனேயே வாயில்வரையும் வெளிச்சாலையிலும் நடந்து பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நடைமேடை ஒரு சாண் உயரம். ஒவ்வொரு கட்டடத்தின் வண்டிப்பாதைக்கும் அது இறங்கி, மறுபடி ஏறுகிறது. வாயில்வரை மட்டும் பதினோரு இறக்கம், பதினோரு ஏற்றம். ஒவ்வோர் இறக்கத்திலும் அவர் நின்று, விளக்குக் கம்பத்தையோ என் தோளையோ பிடித்துக்கொண்டு, வலது காலை முதலில் இறக்கினார். உட்கார வழியில் ஒரு பலகைகூட இல்லை. நிழலும் இல்லை. இதையெல்லாம் பார்த்தபின் வலி என்று அவர் சொன்னதற்கு மருந்து மட்டும் போதாது என்று தெரிந்துகொண்டேன்.

நிழல் இல்லாததற்குக் காரணம் மரத் தேர்வு. அலங்காரப் பனை வகைகளை வரிசையாக நட்டு, அடிமரம்வரை கல் பாவிவிட்டார்கள். பார்வைக்கு ஒழுங்காக இருக்கின்றன. ஆனால் விரிந்த கிளையுள்ள மரம் தரும் நிழலையோ, அதன் இலைகள் நீராவியை வெளியிட்டுக் காற்றைக் குளிர்விக்கும் பயனையோ அவற்றிடம் அதே அளவில் எதிர்பார்க்க முடியாது. சிசில் கோனைனென்டைக் என்ற நகர்க் காடு ஆய்வாளர் 2021இல் ஓர் எளிய அளவுகோலை முன்வைத்தார்: வீட்டிலிருந்து மூன்று மரங்கள் தெரிய வேண்டும், குடியிருப்புப் பகுதியில் 30 விழுக்காடு மரநிழல் வேண்டும், 300 மீட்டருக்குள் பூங்கா வேண்டும். வரைபடத்தைப் பார்த்தால் மூன்றாவதில் எங்கள் வளாகம் தேறிவிடும். காலால் அளந்தால் தேறாது.

வாங்கிய வீடு தயாராகும்வரை முதல் ஒன்பது மாதம் முன்வரிசைக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தோம். அங்கே படுக்கையறைகள் நெடுஞ்சாலையைப் பார்த்தும், மாடிப்படியும் நடைகூடமும் அமைதியான தோட்டத்தைப் பார்த்தும் அமைந்திருக்கின்றன. இரவு பதினொரு மணிக்கு அலைபேசிச் செயலியால் அளந்தபோது சன்னலில் 62 டெசிபல் காட்டியது. அந்த அளவு துல்லியமானது என்று சொல்லமாட்டேன். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பியப் பகுதிக்கு வகுத்த வழிகாட்டுதலில் இரவு நேரச் சாலை இரைச்சலுக்கான வரம்பு 45 டெசிபல் என்பதைப் பார்க்கும்போது, இடைவெளி சிறியதன்று. உறங்குபவர் விழிக்காவிட்டாலும் இரைச்சலுக்கு இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். அதே அறைகளைத் தோட்டப் பக்கம் வைத்திருந்தால் கூடுதல் செலவே இல்லாமல் பல குடும்பங்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்கும். வரைபட மேசையில் செய்துவிடக்கூடிய மாற்றம் அது என்பதால்தான் எனக்கு ஆற்றாமை. பின்வரிசைக்கு மாறியதும் என் தூக்கம் ஒரே வாரத்தில் சீரானது. எங்கள் சன்னலில் இப்போது பூங்கா மரங்கள் தெரிகின்றன. பென்சில்வேனிய மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், மரங்களைப் பார்த்த சன்னலருகே இருந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பியதையும், வீரியமான வலிநிவாரணிகள் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டதையும் ரோஜர் உல்ரிச் 1984இல் எழுதியதை நான் முன்பு படித்திருந்தேன். இப்போது நம்புகிறேன்.

மாடிப்படியைப் பற்றி ஒரு வரி: கனத்த கதவுக்குப் பின்னால், வெளிச்சமின்றி, மின்தூக்கியைத் தாண்டித் தேடிப் போக வேண்டிய இடத்தில் இருப்பதால் அதை யாரும் பயன்படுத்துவதில்லை.

சென்ற ஆண்டு குடியிருப்போர் சங்கம் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் கையெழுத்துடன் கேட்டபின், பின்மதிலில் ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு வாயில் திறந்தார்கள். காவலாளி ஒருவர் அமர்த்தப்பட்டார். எங்கள் கட்டடத்திலிருந்து அதுவரை நடைமேடையைச் சரிவாக மாற்றி, நடுவில் இரண்டு பலகைகளும் போட்டார்கள். இந்த ஒரே மாற்றத்துக்குப் பிறகுதான் வளாகத்துக்கு ஐந்தில் மூன்று தர எனக்கு மனம் வருகிறது. அதற்கு முன்பு எழுதியிருந்தால் ஒன்றரைதான் தந்திருப்பேன். சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் தயங்காமல் வரலாம். முதியவர்களை அழைத்துவருபவர்கள் பின்வாயிலுக்கு அருகிலுள்ள கட்டடங்களை மட்டும் பாருங்கள். முன்வரிசை வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் ஒருமுறை இரவில் போய், சன்னலைத் திறந்துவைத்து, பத்து நிமிடம் பேசாமல் நின்றுவிட்டு முடிவெடுங்கள்.

பின்வாயிலை மாலை ஆறு மணிக்கே பூட்டிவந்தார்கள். இந்த மாதம் முதல் இரவு ஒன்பதுவரை திறந்திருக்கிறது. நேற்று அம்மா நூலகத்திலிருந்து திரும்பியபோது மணி ஏழே முக்கால்.